தீய்ந்த வாடை

"இந்த ஸ்கேன் சரியில்லை டாக்டர். இன்னொரு தடவை எடுங்க!"

கணவர் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகத் திரையைக் காட்டினார். "இந்தக் கறுப்பெல்லாம் காத்து. ஆபரேஷனுக்கு முன்னாடி இங்கே சாம்பல் நிறமா அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்போ சைனஸ் சுத்தமா இருக்கு, பாருங்க."

"சுத்தமா இருந்தா இவளுக்கு ஏன் இன்னும் வாசனை தெரியலை? பெரிய மெஷின் வெச்சிருந்தா மட்டும் போதுமா?"

"அம்மா, நீங்க சொல்லுங்க..."

"அவ என்னத்தைச் சொல்றது? நான் சொல்றேன். துளிகூடத் தெரியலை!"

இந்த மனிதரோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாளோ என்று நினைத்த டாக்டர், அவரைச் சற்று வெளியே உட்காரச் சொன்னார்.

கதவு சாத்தியதும் மனைவி மெல்ல வாய் திறந்தாள்.

"வாசனை போன வாரமே வந்துடுச்சு டாக்டர்."

"என்னது! ஏன் மறைச்சீங்க?"

"ஆபரேஷன் ஆனதிலேர்ந்து என்னை அடுப்புப் பக்கமே விடறதில்லை. அவரேதான் சமையல். பால் அடிப்பிடிச்சிருக்கும். வெங்காயம் கரியாயிருக்கும். பாவம், தட்டுல போட்டுட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிப்பார். தீய்ஞ்ச வாடை அடிக்குதுன்னு எந்த வாயால சொல்றது? ஒண்ணும் தெரியாத மாதிரி சாப்பிட்டுடுவேன். விஷயம் ஸ்கேன் வரைக்கும் போகும்னு நினைக்கலை."

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கணவரை உள்ளே கூப்பிட்டார்.

"சார், நல்ல சேதி. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு வாசனை வந்தாச்சு. நீங்கதான் இனிமே அடுப்பைக் கொஞ்சம் தணிச்சு வெச்சுச் சமைக்கணும்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நிஜமாவா? காலையில பால் தீய்ஞ்சது தெரிஞ்சுதா உனக்கு?"

"தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்ங்க."

பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"அடிப்பாவி! அந்த வாடைக்காவது ஒரு தடவை மூக்கைச் சுளிக்க மாட்டியான்னுதானே, தினம் தினம் அடுப்புக்கிட்டயே நின்னு, பார்த்துப் பார்த்துத் தீய விட்டேன்!"