கைக்கெட்டும் தூரம்

"தொட்டுடாதீங்க சார். விரல் நுனி பட்டாலும் அவ்வளவுதான், நாலு மணி நேரமும் வீணாப் போயிடும்."

படகின் விளிம்பைத் தாண்டி நீண்ட கையை அப்பா சட்டென்று மடக்கிக்கொண்டார். கீழே, இரண்டு முழ தூரத்தில், அவருடைய பதினேழு வயது மகள் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டிருந்தாள்.

நடுவர் அம்மா சொன்னது விதி. நீந்துகிறவரை யாரும் தொடக் கூடாது, அவரும் படகைத் தொடக் கூடாது. குடிக்கத் தருவதைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் வீச வேண்டும். இன்னும் எட்டு கிலோமீட்டர் நீந்திக் கரையேறிவிட்டால், இந்தக் கடலைக் கடந்தவர்களிலேயே வயதில் சிறியவள் என்று அவள் பெயர் பதிவாகும்.

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இருபதாவது மாடியில் அந்தரத்தில் நின்று வேலை செய்கிறவருக்குத் தண்ணீரைக் கண்டால் மட்டும் பயம். நீச்சல் தெரியாது. ஆனாலும் எட்டு வருடமாக விடிவதற்குள் மகளை எழுப்பிக் கூட்டிப்போய், நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்றவர். அவள் ஆசைக்குத் தன்னால் ஆனது அது ஒன்றுதான் என்று நினைத்தார்.

படகோட்டி எஞ்சினை முடுக்கிப் படகைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. "நீரோட்டம் இந்தப் பக்கமே இல்லையே. பொண்ணு ஏன் படகை ஒட்டி ஒட்டியே வருது?" என்று தனக்குள் முனகிக்கொண்டார்.

சற்று நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. யாரோ பிளாஸ்டிக் பைகளைக் கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் அப்பா முதலில் நினைத்தார். பைகள் மெல்லச் சுருங்கி விரிந்தபோதுதான் புரிந்தது.

ஜெல்லிமீன்கள். கண்ணுக்கெட்டிய வரை. ஒவ்வொன்றின் அடியிலும் ஆள் நீளத்துக்கு நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா கத்தி முடிப்பதற்குள் மகள் அவற்றின் நடுவே போய்விட்டாள். தண்ணீருக்கடியில் அலறியது குமிழிகளாக வந்தது. தலையைத் தூக்கியபோது காதிலிருந்து கழுத்து வரை சாட்டையால் அடித்தது போலச் சிவந்திருந்தது.

நிறுத்திவிடலாமா என்று நடுவர் அம்மா கேட்டார். மகள் அவரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கப்பா."

ஏறிவிடு என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்துவிட்டது. எட்டு வருட உழைப்பை ஒரு வார்த்தையில் பறித்துவிட்டால் பிறகு இவள் தன் முகத்தைப் பார்ப்பாளா? சிரிக்க முயன்றார்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்மா. உன்னால முடியும்."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு முகத்தைத் தண்ணீரில் போட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா எண்ணிக்கொண்டே இருந்தார். நிமிடத்துக்கு அறுபது தடவை விழுந்த கை ஐம்பதாயிற்று, நாற்பதாயிற்று. மீண்டும் ஒரு கொட்டு தோளில், இன்னொன்று முகத்தில். உதடு வீங்கி, மூச்சு விசில் போலச் சத்தம் போட்டது. படகோட்டியே பொறுக்க முடியாமல், இந்தக் கூட்டம் எப்போது முடியும் என்று தனக்கே தெரியாது என்றார்.

இடது கை மேலே வந்தது. வலது கை வரவில்லை. தலையும் வரவில்லை.

அப்பா மூன்று வரை எண்ணினார். நான்காவது எண்ணுக்குள் இடுப்பு வரை கடலுக்குள் கவிழ்ந்திருந்தார். படகோட்டி பாய்ந்து அவருடைய பெல்ட்டைப் பிடித்திராவிட்டால் அவரும் போயிருப்பார். அகப்பட்டது மகளின் தோள். அதில் ஒட்டியிருந்த நூல்கள் அவர் உள்ளங்கைகளை நெருப்பாகச் சுட்டன. பிடியை மட்டும் விடவில்லை.

மகளைப் படகில் கிடத்தியதும் நடுவர் அம்மா கரைக்குத் தகவல் சொல்லி ஆம்புலன்ஸைத் தயாராக நிறுத்தச் சொன்னார். படகோட்டி கடல் நீரை மொண்டு ஊற்றி ஊற்றி, கரண்டிக் காம்பால் அந்த நூல்களை வழித்தெடுத்தார். கரை சேரும் வரை அப்பா மகளின் மூக்கருகே காதை வைத்து, மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவர் உயிர் போய்ப் போய் வந்தது.

பிற்பகலில்தான் டாக்டர் வெளியே வந்து, இனி பயமில்லை, இன்னும் ஐந்து நிமிடம் தண்ணீரில் இருந்திருந்தால் தன்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா உள்ளே போனார். இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். மகள் கண் திறந்து படுத்திருந்தாள். வீக்கம் பாதி வடிந்திருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

"அப்பாவை மன்னிச்சிடும்மா. இவ்வளவு தூரம் வந்துட்டு, நான் தொட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

அவள் மெல்லக் கையை நகர்த்தி அவருடைய கட்டின்மேல் வைத்தாள். கண்ணீர் கண்ணோரம் வழிந்து தலையணையில் இறங்கியது.

"எப்பத் தொடுவீங்கன்னுதான்பா பாத்துக்கிட்டே இருந்தேன்."