சொந்த வரி

சிதம்பரத்தில் செந்தமிழ்ச்செல்வனுக்கு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. எம்.ஏ. தமிழ் படித்தவன். பூப்புனித நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் ஆள் எதிரே நிற்கும்போதே எதுகை மோனையோடு வாயாலேயே சொல்லிவிடுவான்.

அப்படித்தான் ஸ்ரீதர் அவனைப் பிடித்தான். ஸ்ரீதரின் அப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனி. மகனுக்கு ராப் பாடகனாகும் ஆசை. பேர்கூட வைத்துவிட்டான், எம்.சி. சுருக்கு. பாட்டுதான் வரவில்லை.

"பத்துப் பாட்டு குடு மச்சான். அதோட அந்த அடகுக்கடை மேட்டர வச்சு ஒண்ணு. நானே அடிச்ச மாதிரி. செம கெத்தா இருக்கும்."

செல்வன் நிமிர்ந்து பார்த்தான். "அது வேணாம்."

ஆனித் தேரன்று ஊரே வடம் பிடிக்கப் போயிருந்தபோது, அந்த அடகுக்கடையில் காவலுக்கு இருந்த சாமிக்கண்ணுவைத் தூணோடு கட்டிப்போட்டுவிட்டு எவனோ பெட்டகத்தைக் காலி செய்திருந்தான். ஆள் இன்றுவரை அகப்படவில்லை. போன நகைகளில் செல்வனின் மனைவி வினோதினியின் தாலிச் சங்கிலியும் ஒன்று. அவள் கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறுதான்.

ஸ்ரீதர் விடவில்லை. செல்வன் வேண்டாவெறுப்பாக ஏதோ சொல்லிக்கொடுத்தான்.

"சினிமா மாரி இருக்கு மச்சான். கத்தி, ரத்தம், பஞ்ச் டயலாக்கு. ராப்புன்னா உண்மை இருக்கணும். இதுல இல்ல."

எம்.ஏ. தமிழுக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"தேரிழுக்க ஊரு போச்சு, தெருக்கதவு தொறந்தாச்சு,
கட்டிப்போட்ட பெரியவரு கண்ணாடியக் கழட்டியாச்சு,
ஒடஞ்சாக்கா பாவமுன்னு சாமி படத்துப் பின்னால வச்சாச்சு."

ஸ்ரீதர் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டான். பிறகு தயங்கினான். "உன் பேரப் போட முடியாது மச்சான். ராப்ல அவனவன் வரிய அவனவன்தான் எழுதணும். எழுதி வாங்குனேன்னு தெரிஞ்சா காறித் துப்பிடுவானுங்க. வருத்தம் இல்லியே?"

"இல்ல. யார் கேட்டாலும் உன்னுதுன்னே சொல்லு."

'முதுநகர் கெத்து' ஆல்பம் வெளியானது. மற்ற பாட்டெல்லாம் சுமார். அடகுக்கடைப் பாட்டு தீயாகப் பரவியது. சேத்தியாத்தோப்பு மினி பஸ்ஸில் அதுதான். கல்லூரி வாசலில் அதுதான். 'திருடனுக்கும் ஈரம் உண்டு! அந்தக் கண்ணாடி வரி ஒன்று போதும். என்ன கற்பனைடா!' என்று யூடியூபில் பாட்டுக்குக் கீழே எழுதினார்கள். அந்தப் பாட்டு வந்தால் செல்வன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

வினோதினிக்கு வயிறு எரிந்தது.

"ஏங்க, நம்ம சங்கிலி போன கதைய வச்சு அவன் பேரு வாங்குறான். அது உங்க வரி. ஷேவ் பண்ணும்போது நீங்க முணுமுணுத்தத என் காதால கேட்டேன். இதுவும் திருட்டுதான?"

"விடு வினோ."

அவள் விடவில்லை. அவனிடம் சொல்லாமலே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் தில்லையம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து ஜீப்போடு வந்து நின்றார்.

"நான் இந்த ராப்பு கீப்பெல்லாம் கேக்கறவ இல்லம்மா. உன் புகாருக்காகத்தான் கேட்டேன். இன்னிக்குக் கடலூர்ல அவனுக்கு வெற்றி விழாவாமே? நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. நேர்லயே கேட்டுருவோம்."

செல்வன் கடைசியாக ஜீப்பில் ஏறினான். வினோதினி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்றிருந்தது. "கூச்சப்படாதீங்க. உங்களுது உங்களுதுன்னு சொல்லுங்க, அவ்ளோதான்."

கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. தில்லையம்மாள் நேரே மேடை ஏறினார். எல்லோர் கையிலும் செல்போன் உயர்ந்தது.

"தம்பி, கண்ணாடி வரி நீ எழுதுனதா?"

ஸ்ரீதர் கூட்டத்தைப் பார்த்தான். கீழே நின்ற செல்வனைப் பார்த்தான். மைக்கை உதட்டருகே கொண்டுபோனான். "ஒவ்வொரு வரியும் என் சொந்த வரி மேடம். என் வாழ்க்கை. என் உசுரு."

விசில் பறந்தது.

தில்லையம்மாள் திரும்பினார். "செல்வன், உங்க சம்சாரம் நீங்க எழுதுனதா சொல்றாங்க. என்ன சொல்றீங்க?"

வினோதினி அவன் முதுகில் லேசாகத் தள்ளினாள்.

"இல்ல மேடம். எல்லாம் அவருதுதான்."

வினோதினி தலையில் அடித்துக்கொண்டாள். தில்லையம்மாள் ஸ்ரீதரின் மணிக்கட்டைப் பிடித்து, விசில் சத்தத்துக்கு நடுவே அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சாமிக்கண்ணு கண்ணாடி சாமி படத்துக்குப் பின்னாலதான் கெடந்துச்சு. அது அவருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். பேப்பருக்குக்கூட நாங்க சொல்லல. வச்சவனுக்குத் தெரியும். வா போலாம்."

ஸ்ரீதரின் முகம் வெளுத்தது. "மேடம், நான் எழுதல! அவன்தான்! மச்சான், சொல்லுடா!"

"இப்பத்தான உசுருன்னே? ஊரே படம் புடிச்சிருக்கு, நட."

கூட்டம் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கை தட்டியது.

திரும்பி வரும் பஸ்ஸில் வினோதினிக்கு ஆறவே இல்லை. "திருடன் புடிபட்டது சந்தோஷந்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்தக் கண்ணாடி வரி உங்களுதுதான். அப்படி ஒரு கற்பன வேற யாருக்கு வரும்?"

செல்வன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த ஆல்பத்திலேயே அவன் கற்பனை கலக்காமல் எழுதிய வரி அது ஒன்றுதான்.