பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் கடை

அவன் கையை நீட்டினான்.

அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

காலை ஏழேகால். பேருந்து நிறுத்தம். பின்னால் மதுக்கடை. ஷட்டர் இறங்கியிருந்தது, பூட்டு தொங்கியது. பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். அங்கே நின்ற ஆறு பேருக்கும் அது தெரியும்.

தெரிந்து என்ன?

மடித்துக் கட்டிய லுங்கி. சுண்ணாம்புக் கறை படிந்த சட்டை. நாலு நாள் தாடி. கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் கனமாக ஏதோ ஒன்று. என்னவென்று ஆறு பேரும் பார்க்காமலே முடிவுகட்டிவிட்டார்கள்.

"அம்மா... கொஞ்சம்..." என்றான். நாக்கு குழறியது.

கொஞ்சம் என்ன என்று அவள் கேட்கவில்லை.

அவன் கம்பத்தைப் பிடித்தான். பிடி நழுவியது. அப்படியே சரிந்து உட்கார்ந்தான். பிறகு படுத்துவிட்டான். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்திருந்தது. மார்கழிக் காலையில்.

அதையும் அவள் பார்த்தாள். பார்த்தாள் என்பதுதான் கொடுமை.

காலங்காத்தாலேயே ஆரம்பித்தாயிற்று என்று பூக்கூடையோடு நின்ற அம்மாள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை, உதட்டளவில்தான்.

அவள் நர்ஸ். அரசு ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடம்.

போன மாதம் இதே நிறுத்தத்தில், இதே கம்பத்தடியில், ஒருவர் சரிந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அவருக்கும் நாக்கு குழறியது. அவருக்கும் முதுகு நனைந்திருந்தது. அவள்தான் முதலில் ஓடினாள். சுகர் இறங்கிடுச்சு, தள்ளுங்க, காத்து வரட்டும் என்று கூட்டத்தை விலக்கினாள். யாரிடமோ சாக்லேட் வாங்கி அவர் வாயில் போட்டாள். பத்தே நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தவர், நீங்க தெய்வம்மா என்று கும்பிட்டார்.

அன்றிலிருந்து அவள் கைப்பையில் எப்போதும் இரண்டு சாக்லேட் இருக்கும்.

இப்போதும் இருந்தன. நெஞ்சோடு அணைத்திருந்த பைக்குள்.

பேருந்து வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திரும்பிப் பார்த்தாள். அவனுடைய ஒரு கால் செருப்பு கழன்று கிடந்தது.

பாவம், இவனைக் கட்டிக்கொண்டவள், என்று நினைத்தாள். உண்மையாகவே இரக்கப்பட்டாள்.

பத்தேகாலுக்கு அவள் ஆஸ்பத்திரிக்கே ஆம்புலன்ஸில் அவரைக் கொண்டுவந்தார்கள்.

தெரு கூட்டும் பெண் ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு போன் செய்தாளாம். அவள் ஒருத்திதான் குனிந்திருக்கிறாள்.

ஒரு காலில்தான் செருப்பு. சுண்ணாம்புக் கறை. பக்கத்தில் அந்த மஞ்சள் பை.

காலையில் பார்த்த அதே ஆள்.

ஆனால் அவள் முதலில் செய்தது என்ன தெரியுமா? அவர் வாய் அருகே குனிந்து மோந்து பார்த்தாள். அப்போதும்.

ஒரு வாடையும் இல்லை.

விரல் நுனியில் குத்தினாள். சர்க்கரை பார்க்கும் கருவி இருபத்து மூன்று என்றது. அதற்கப்புறம் அவள் கைகள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஊசி ஒரே குத்தில் நரம்பில் ஏறியது. குளுக்கோஸ் இறங்கியது. சர்க்கரை நூற்றைம்பதைத் தொட்டது.

கண் திறக்கவில்லை.

டாக்டர் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். மூளை ரொம்ப நேரம் பட்டினி கிடந்திருக்கிறது, பிழைத்தாலும் எப்படி இருப்பார் என்று சொல்ல முடியாது என்றார். எவ்வளவு நேரம் விழுந்து கிடந்தார் என்று கேட்டார்.

ஆம்புலன்ஸ்காரருக்குத் தெரியவில்லை.

அவள் மஞ்சள் பையைத் திறந்தாள். ஒரு சர்க்கரை நோட்டு. மாசிலாமணி, வயது ஐம்பத்து நான்கு. இதே ஆஸ்பத்திரி முத்திரை. இன்றைய தேதிக்கு எதிரே, வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை என்று எழுதியிருந்தது.

அடியில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நாலு இட்லி. ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட.

மதியம் அவர் மனைவி வந்தாள். வெள்ளையடிக்கிற வேலையாம் அவருக்கு. மாத்திரையை ஒரு நாளும் தவறவிட மாட்டாராம். இன்றும் விடியற்காலையிலேயே போட்டுக்கொண்டாராம். வெறும் வயிறு என்றால் மாத்திரையும் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மனைவி அழவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு இட்லி தின்னுட்டுப் போய்யான்னேன். ஆஸ்பத்திரியில சொன்னத மீறக் கூடாதுன்னுட்டாரு. பஸ் ஸ்டாப்புல அத்தன பேர் நிப்பாங்களே, நர்சம்மா. ஒருத்தர்கூடவா பாக்கல?"

அவள் டிபன் பாக்ஸை மூடி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

மேசைக்கு வந்தாள். பதிவேட்டைத் திறந்தாள். பெயர். வயது. கொண்டுவரப்பட்ட நேரம். எல்லாம் எழுதினாள்.

அடுத்த கட்டம்: எத்தனை மணியிலிருந்து நினைவில்லை?

பேனா அங்கேயே நின்றது.

ஏழேகால் என்று எழுத இரண்டு வினாடி போதும். எழுதினால், யார் பார்த்தது என்று டாக்டர் கேட்பார்.

கட்டிலருகே அந்தப் பெண் இன்னும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெரியவில்லை, என்று எழுதினாள்.

எழுத்து எப்போதும் போல அழகாக வந்தது.