பொட்டல்காட்டுக் குரல்

மாலை வகுப்பு முடிந்ததும் தையல்கார அம்மா செல்போனை நீட்டினாள்.

"சார், இது என்ன பறவை?"

"பரீட்சைக்கு வராததை மட்டும்தான் கேப்பீங்களாம்மா?" என்று சிரித்த பறவையியல் ஆசிரியர், பதினைந்து விநாடிப் பதிவை இரண்டு முறை கேட்டார்.

"விசிலடிச்சிட்டே மேலேர்ந்து விழுது பாருங்க, சாம்பல் தலை வானம்பாடி. மரத்துல உட்காராது. பொட்டல் தரையிலதான் மேயும், கூடு கட்டும்."

"கடல் தாண்டி, பதினாலாவது மாடி ஆபீஸ்ல இதோட சத்தம் கேக்குமா சார்?"

"வாய்ப்பே இல்லம்மா. அந்தப் பக்கமெல்லாம் இது கிடையாது. பின்னால கல்லு உடைக்கிற சத்தம் வேற கேக்குது. நம்ம பக்கத்துக் குவாரியில பதிவு பண்ணீங்களா?"

"குவாரிக்கு நான் போகல சார். என் பையன் வாராவாரம் போன்ல பேசுவான். வெளிநாட்டு ஆபீஸ்ல இருக்கேன்னு சொல்லி நாலு வருஷமாச்சு. ஒரு தடவைகூட வீட்டுக்கு வரல. அவன் பேசினதைப் போன்லயே பதிவு பண்ணி, அவன் குரலை வெட்டிட்டு, பின்னால கத்துறதை மட்டும் கொண்டுவந்தேன். இதுக்காகத்தான் வகுப்புலயே சேர்ந்தேன்."

ஆசிரியர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"பொய் சொல்லிட்டானேன்னு வருத்தப்படாதீங்கம்மா..."

அவள் அதற்குள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"வருத்தமா? பஸ்ல போற தூரத்துலதானே சார் இருக்கான்!"