மூன்றாம் வரிசை

இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே கான்கிரீட் நிரப்பிய சுவர் ஒன்று, சோதனைக்கூடத்தில் அழுத்தும் இயந்திரத்தின் கீழ் நின்றது. தகடு கான்கிரீட்டை விட்டு விலகாதிருக்க உள்ளே இரும்பு முளைகளைப் பற்றவைத்தவர் லூர்துராஜ். இயந்திரத்தை இயக்கப்போன பொறியாளர் தமயந்தியிடம் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடம், மூணாவது வரிசையில ஒரு முளை சரியா ஒட்டல. அன்னிக்கு என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன். மனசு வேலையில நிக்கல. அப்பவே சொல்ல பயந்துட்டேன்."

அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

"இப்பவாவது சொன்னீங்களே. பாத்துடலாம்ணே."

அழுத்தம் ஏறியது. மூன்றாம் வரிசையில் தகடு உள்ளங்கை அகலத்துக்குப் புடைத்தது. லூர்துராஜ் கண்களை மூடிக்கொண்டார். சுவர் விழவில்லை. கணக்கிட்டிருந்த பாரத்தையும் தாண்டிய பிறகே அது நொறுங்கத் தொடங்கியது.

மறுநாள் புடைத்த இடத்தில் தகட்டை அறுத்துத் திறந்தார்கள். ஒரு முளை கழன்றிருந்தது. அதன் இருபுறமும் இருந்த முளைகள் வளைந்துபோயும் கான்கிரீட்டைக் கவ்வியபடி இருந்தன.

"பக்கத்துல இருந்ததுங்க தாங்கியிருக்கு மேடம்."

"அதுங்களையும் நீங்கதானேண்ணே வச்சீங்க?"

லூர்துராஜ் அருகே குனிந்தார். வளைந்த முளையொன்றின் அடியில், தான் பற்றவைத்த இடத்தை, விரலால் தடவிக்கொண்டே நின்றார்.