வளைவில் பதிந்த கை

தேம்ஸ் கரைப் படகுப் பட்டறைக்குள் மழைவெளிச்சம் சாம்பலாய் விழுகிறது. கட்டைகளின்மேல் ஏற்றியிருக்கும் வேகப்படகின் அடியில் சிவானந்தன் மல்லாந்து கிடக்கிறான். ஈரத்துணி ஒரு கையில். நனைந்த மறுகை படகின் பின்பக்க அடித்தட்டு வளைவில் நிற்கிறது. பழையதைவிட இருமடங்கு கனமான எஞ்சின் அங்கே தொங்குகிறது. அந்தப் பாரத்தில் பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு வானம் பார்க்கும். வேகம் கூடினால் துள்ளித் துள்ளிக் கவிழும். வளைவை நிரப்பி நேராக்கினால் போதும். ஆனால் குரோய்டனில் நடந்த அகதி விசாரணையில் அவன் சொன்ன கதையில் கடல் இல்லை, புகையிலைத் தோட்டம்தான் உண்டு. படகு கட்டத் தெரியுமென்றால், இயக்கத்துக்குக் கட்டினாயா என்று கேட்பார்கள். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை.

“போன கிழமை ஓடேக்க மூக்கைத் தூக்கினது, அண்ணை. ஏனெண்டு விளங்கேல்லை,” என்று முதலாளி யனுஷன் தேத்தண்ணிக் கோப்பையோடு குனிகிறான். “நாளைக்கு நானே முழு வேகத்திலை ஓட்டிப் பாக்கப்போறன்.” சிவானந்தன் ஈரத்துணியால் படகின் பக்கத்தைத் துடைக்கிறான். “எனக்கென்ன தெரியும் தம்பி? நான் புகையிலை நட்டவன்.” யனுஷன் சிரிக்கிறான். “அதுதான் படகு கட்டினவன் மாதிரி உந்த வளைவைத் தடவுறியளாக்கும்.” சிவானந்தன் கையை எடுக்கிறான். தூசி படிந்த வளைவில் ஐந்து விரலின் ஈரத்தடம் மெல்லக் காய்கிறது.