மூன்றாவது பிரேக்

தானே ஓடும் பேருந்தில் குழந்தைவேலுவின் வேலை, ஸ்டீயரிங்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. மாதத்தில் மூன்று முறை அநாவசியமாகப் பிரேக் போட்டால் வேலை போய்விடும். இந்த மாதம் இரண்டு ஆகிவிட்டது.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் விடியற்காலை. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். முதுகுப் பையில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் பேருந்து விலகிப் போகும். கடைசியாகப் போன பெரியவரோ, பனிக்காகப் பையையும் சேர்த்துப் போர்வையால் மூடியிருந்தார். காலில் கொப்புளம் போலும். சாலைக்குள் சாய்ந்து சாய்ந்து நடந்தார்.

பேருந்து வேகத்தைக் குறைக்கவில்லை.

"முருகா, இது பாக்குமா பாக்காதா?" குழந்தைவேலு பிரேக்கை மிதித்துவிட்டார். பெரியவருக்குப் பத்தடி பின்னால் வண்டி நின்றது. அவருக்கு எதுவும் தெரியாது, நடந்துகொண்டே இருந்தார்.

"எதிரே தடை இல்லை. யாருக்காக நிறுத்தினீர்கள்?" என்றது ஸ்டீயரிங் பக்கத்திலிருந்த பேருந்தின் திரை.

பெரியவரைச் சொன்னால் திரை நம்பாது; இது மூன்றாவதாகிவிடும்.

முன் இருக்கையில் கஸ்தூரி, ஆபீசில் காலை ஷிப்டுக்கு நேரமாகிறது என்று திண்டுக்கல்லிலிருந்தே புலம்பிக்கொண்டு வந்தவள்; குழந்தைவேலுவின் பிரேக் கணக்கும் அவளுக்குத் தெரியும். அவள் எழுந்தாள். "எனக்காகத்தான். நான் இறங்கணும்."

திரை அதை ஏற்றுக்கொண்டு கதவைத் திறந்தது.

"ஏம்மா, உங்க ஆபீசு?"

"அது எங்கயும் ஓடிராது. நீங்க போங்கண்ணே."

அவள் ஓடிப்போய்ப் பெரியவரின் போர்வையை இழுத்துப் பைக்கு அடியில் செருகினாள். விளக்கொளியில் சிவப்பு மின்னியது. பேருந்து தானாகவே நன்றாக விலகி அவர்களைக் கடந்தது.

கண்ணாடியில் பார்த்தார் குழந்தைவேலு. அந்தப் பெண் சாலைப் பக்கமாக, பெரியவரின் நடைக்கு ஏற்ப மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.